உடுக்கைக் கட்டையும் ஏழாம் வகுப்புச் சரிவகமும்

மேச்சேரி ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். வீட்டுப்பாடம் செய்யாத ஏழாம் வகுப்பு மாணவனிடம் ஒருநாள், "படிக்கலைன்னா உங்கப்பா மாதிரி உளிதான் பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டேன். அவன் தந்தை தச்சர். அதன்பின் இரண்டு வாரம் அவன் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

அந்த உறுத்தலோடுதான் ஜார்ஜ் நகாஷிமாவை வகுப்புக்குக் கொண்டுபோனேன். 1905இல் அமெரிக்காவில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தவர். கட்டடக்கலையில் பட்டமேற்படிப்பு முடித்தவர். 1937இல் புதுச்சேரி வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதிக் கட்டுமானத்தைக் கவனித்தார். அவருடைய தொடக்ககால மரச்சாமான்கள் அந்த விடுதிக்காகத் தேக்கில் உருவானவை. பின்னாளில், 1964இல், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் பணியாற்றினார்.

இடையில் போர். 1942இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. மினிடோக்கா முகாமில் கென்டாரோ ஹிக்கோகாவா என்ற தச்சரிடம் நகாஷிமா வேலை கற்றார். "பட்டம் வாங்கினவர், ஒரு தச்சருக்கு மாணவரா ஆனார்" என்றபோது பையன் நிமிர்ந்தான். நான் முன்பு சொன்னது தவறு என்று வகுப்பின் முன்னிலையிலேயே அவனிடம் சொன்னேன்.

விரிசல் விட்ட பலகையை நகாஷிமா கழிக்கவில்லை. விரிசலை மறைக்காமல், அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையைப் பதித்தார். படம் காட்டினேன். "உடுக்கை மாதிரி இருக்கு சார்" என்றான்.

இரண்டு சரிவகங்கள் குறுகிய பக்கத்தில் ஒட்டியது அந்த வடிவம். இணைப்பக்கங்கள் 6 செ.மீ., 3 செ.மீ., உயரம் 5 செ.மீ. என்றால் ஒன்றின் பரப்பு 22.5 ச.செ.மீ.; இரண்டும் சேர்ந்து 45. தடித்த அட்டைகளில் பள்ளம் வெட்டிப் பொருத்தி இழுத்தார்கள். செவ்வகத் துண்டு உருவிக்கொண்டு வந்தது, உடுக்கை வரவில்லை. (மெல்லிய அட்டை வேண்டாம், வளைந்து பாடத்தைக் கெடுத்துவிடும்.)

"மரத்துல செஞ்சா, கட்டையோட நாரு விரிசலுக்குக் குறுக்கா ஓடணும் சார். இல்லைன்னா இடுப்புல ஒடிஞ்சிடும்" என்றான் அவன். எனக்குத் தெரியாத செய்தி. கரும்பலகையில் அவனையே வரையச் சொன்னேன்.

மறுவாரம் அவன் தந்தை வந்து, எங்கள் வகுப்பில் விரிசல் விட்டிருந்த பெஞ்சில் இரண்டு கட்டைகள் பதித்தார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். கிளம்பும்போது, அந்த மேசைப் படத்தைத் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னார்.