சாயத்தொட்டியும் இரசாயன சாஸ்திரமும்

பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கோட்டை கட்டியது இக்கரையின் சாயத்துணி வாணிகத்தை முன்னிட்டே. அத்துணியின் சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. வேரை மட்டும் காய்ச்சினால் சிவப்பு நூலில் நில்லாது. கடுக்காயிலும் படிகாரத்திலும் நூலை முன்னரே நனைத்தல் வேண்டும். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறுகையால் சாயத்தையும் பற்றிக்கொள்கிறது.

அவுரியின் போக்கு இன்னும் விசித்திரமானது. அந்நீலம் நீரில் கரையாது. சுண்ணாம்பும் தகரை விதையும் இட்டுப் புளிக்க வைத்தால் நுண்ணுயிர்கள் அதனோடு ஹைட்ரஜனைச் சேர்த்து, மஞ்சட்பச்சைக் கரைசலாக்குகின்றன. தோய்த்த நூலை வெளியே எடுத்ததும் பிராணவாயு பட்டு மீண்டும் நீலமாகி இழைக்குள் சிறைப்படுகிறது. நம் முன்னோர் முறையை அறிந்திருந்தனர். காரணத்தைத் தேடியவர் ஐரோப்பியரே. இலாபமும் அவர்களையே சேர்ந்தது.

பிராணவாயுவின் தொழிலை லவாய்சியே பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விளக்கினார். 1856இல் பெர்க்கின் தாரிலிருந்து ஊதாச் சாயம் கண்டார். சாயவேரின் செம்பொருளான அலிசரினை கிரேபேயும் லீபர்மானும் 1868இல் செயற்கையாக ஆக்கினர். 1897இல் ஜெர்மன் ஆலை நீலம் கடைக்கு வந்தது. அவுரி பயிரிட்டோர் சந்தையை இழந்தனர்.

இன்று தகரையின் வேலையை ஹைட்ரோஸ் செய்கிறது. டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றில் அதன் வீரியம் கெடும். சாயம் முழுதும் கரையாமல் நூலின் மேலேயே படிந்து, தேய்த்தால் கையில் ஒட்டும். சாயம் போகிறதென்று சங்கத்துக்குத் திரும்பிவரும் துணிகளைப் பார்வையிடுகையில், சாயக்காரரிடம் நாம் முதலில் கேட்பது அந்த மூடியைப் பற்றித்தான்.