நிலத்தின் குணமறிந்து நகர் அமைப்போம்

வீடு கட்டுமுன் நாம் மனை பார்க்கிறோம். நகர் அமைக்குமுன் எதைப் பார்த்தல் வேண்டும்? நிலத்தின் மேடு பள்ளங்களையும், மழைநீர் ஓடும் வழிகளையும், அங்கு நிற்கும் மரங்களையும் பார்த்தல் வேண்டும். இதற்கு நம் தலைநகரே நல்ல பாடமாகும்.

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில், 1857ஆம் ஆண்டளவில், ஈயம் தோண்ட வந்தோரால் கோலாலம்பூர் தோன்றியது. 'சேறு நிறைந்த கூடுதுறை' என்பதே அதன் பெயர்ப்பொருள். 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்தன. அதன்பின் செங்கல் வீடுகள் எழுந்தன. அச்செங்கற்களைச் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். தீக்கு விடை கிடைத்தது, வெள்ளத்திற்குக் கிடைக்கவில்லை. 1926இலும் 1971இலும் நகர் நீரில் மூழ்கியது.

காரணம் யாது? காட்டில் பெய்யும் மழையை இலைகள் தாங்குகின்றன, மண் உறிஞ்சுகிறது, எஞ்சியதே மெல்ல ஆற்றை அடைகிறது. சிமெண்டுத் தரையோ நீரை உள்ளே விடுவதில்லை. ஆகவே எல்லா நீரும் ஒரே நேரத்தில் ஆற்றுக்கு விரைகிறது. வெட்டிய குன்றுகளின் மண்ணும் உடன் சென்று ஆற்றின் ஆழத்தைக் குறைக்கிறது.

தோட்டப்புறத்தாருக்கு இது புதுமையன்று. குன்றில் பால்மரம் நட்ட நம் முன்னோர், சரிவைப் படிப்படியாக வெட்டினர். மண்ணைத் தடுக்கக் குழிகள் தோண்டினர். தரையை மூடக் கொடிகளை வளர்த்தனர். பெட்டாலிங் ஜெயாவும் சுபாங் ஜெயாவும் ஒருகாலத்தில் தோட்டங்களே. தோட்டம் நகரானபோது அவ்வறிவையும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். 1993 டிசம்பர் 11ஆம் நாள், உலு கிள்ளானில் மலைச்சரிவை அடுத்திருந்த ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 உயிர்கள் மாண்டன. சரிவில் நீர் வடியும் வழியைப் பேணாவிடின் விளைவது என்ன என்பதை அது காட்டிற்று.

வெள்ளத்தைத் திருப்பிவிட, 2007இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள 'ஸ்மார்ட்' சுரங்கம் திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியில் வாகனங்களும் ஓடுகின்றன. பெருவெள்ளத்தின்போது அப்பாதை மூடப்படும். ஆயினும் 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வீடுகள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. சுரங்கம் ஒன்றே போதாது; நீர் தங்கத் தாழ்நிலமும் குளமும் வேண்டும்.

நல்ல முன்மாதிரிகளும் நம்மிடம் உள. 1888இல் தோன்றிய ஏரிப் பூங்கா, நகரின் நடுவே நீருக்கும் மரத்திற்கும் இடம் தந்தது. புக்கிட் நானாஸ் குன்றின் காடு 1906இல் காப்புக்காடாயிற்று. அங்குக் கோலாலம்பூர் கோபுரத்தைக் கட்டியபோது, நூறாண்டு கடந்த ஜெலுத்தோங் மரமொன்றை வெட்டாது, ஏறத்தாழ 4 இலட்சத்து 30 ஆயிரம் ரிங்கிட் செலவில் சுவரெழுப்பிக் காத்தனர்.

நாம் செய்யத்தக்கது யாது? வீட்டு முற்றம் முழுதும் சிமெண்டு பூசாது சிறிது மண்ணை விட்டு வைப்போம். வடிகாலில் குப்பை எறியாதிருப்போம். பிரிக்பீல்ட்ஸில் எறிந்த பை கிள்ளானைக் கடந்தே கடல் சேரும். புதுமனை வாங்குமுன், மழைநீர் எவ்வழி ஓடுமெனக் கேட்போம். நிலத்தை மதித்தால் நிலம் நம்மைக் காக்கும்.