கத்திரி வெயிலில் ஃபிரிட்ஜ் குளிரவில்லையா? முதலில் நெல் மூட்டையை நகர்த்துங்கள்

சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை கத்திரி. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் போன் ஓயாத நாட்கள் இவை. ‘பால் திரிஞ்சுபோச்சு, மாவு ராத்திரியே பொங்கிடுச்சு, கேஸ் போயிடுச்சு போலிருக்கு’ என்று எல்லா வீட்டிலும் ஒரே புலம்பல். பல வீடுகளில் கேஸ் எங்கேயும் போயிருக்காது. மெக்கானிக்கை அழைக்குமுன் நீங்களே ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிறது. தள்ளுவதற்கு இடம் வேண்டும். நம் ஊரில் கூடத்து மூலையில் ஃபிரிட்ஜ், அதை ஒட்டி வீட்டுச் சாப்பாட்டுக்கு நிறுத்திய சம்பா நெல் மூட்டைகள், தலையில் பூவேலை செய்த துணி, அதன்மேல் பழைய நாளிதழ்க் கட்டு. நெல்மூட்டை கம்பளி மாதிரி. சூட்டை வெளியே விடாது. மூட்டைகளை வேறு சுவருக்கு மாற்றுங்கள். பின்புறம் நான்கு அங்குலம் இடைவெளி விடுங்கள். பின்னால் கம்பிவலை தெரியாத புது மாடல்களில் சூடு பக்கச் சுவர் வழியே வெளியேறும். அவற்றுக்கு இரு பக்கமும் காற்று வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் அங்கிருந்தும் நகர்த்துங்கள்.

அடுத்தது சுணை. தை, மாசி அறுவடையில் மெஷின் கிளப்பிய தூசு, பிறகு சாலையில் நெல் காயவைத்தபோது வீட்டுக்குள் வந்தது, எல்லாம் பின்பக்கக் காயிலில் ஒட்டடை போலப் படிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அரிப்பு இரண்டு நாள் போகாது. அப்படியே கீழே கம்ப்ரசர் பக்கம் எலிப் புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். வயல் காய்ந்ததும் வரப்பு எலிகளில் சில வீட்டுக்கு வந்துவிடும். வயலில் எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பவர்கள் வீட்டுக்குள் கோட்டை விடுவது வழக்கம். கடித்த ஒயர் கண்ணில் பட்டால் பிளக்கைத் திரும்பச் சொருகாதீர்கள்.

டெல்டாவில் இந்தக் கோடைக்கென்று ஒரு தொல்லை உண்டு: குறைந்த வோல்டேஜ். மேட்டூர் அணை திறக்க ஜூன் 12 வரை காத்திராமல் போர்வெல் வைத்திருப்பவர்கள் நாற்று விட்டுவிடுகிறார்கள். பம்பு செட்டும் வீட்டு ஏசிகளும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது, லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் 230 வோல்ட் 170, 180 என்று இறங்கிவிடலாம். குண்டு பல்பு இருந்த காலத்தில் விளக்கே மங்கிக் காட்டிக்கொடுக்கும். எல்ஈடி காட்டாது. மின்விசிறியைக் கவனியுங்கள்: இரவு ஏழு மணிக்கு மேல் அது சோம்பினால், ஃபிரிட்ஜும் திணறுகிறது. ‘டிக்’ என்று ஒரு சத்தம், சிறு உறுமல், மறுபடி ‘டிக்’ என்று கேட்டால் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் தவிக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள். பழைய ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் அவசியம். இருக்கும் ஸ்டெபிலைசர் எந்த வோல்ட் வரை தாங்கும் என்பதையும் அதன்மேல் படித்துப் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் கழித்தே போடுங்கள். தெரு முழுக்க இதே கதி என்றால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் பதியுங்கள். ஒரு வீடு சொல்வதைவிடப் பத்து வீடு சொல்வது நல்லது.

கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. சோப்புத் தண்ணீரால் பிசுக்கைத் துடைத்தாலே சில சமயம் சரியாகிவிடும்.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஐஸ் அரை சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் இரவில் டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிட்டுத் தூங்குங்கள். கத்தியால் குத்தாதீர்கள். அந்த அலுமினியத் தகட்டுக்குள்ளேதான் கேஸ் ஓடுகிறது. அவசரத்தில் குத்தி, ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டு உறைந்து நின்றவர்களில் நானும் ஒருவன். இரட்டைக் கதவில் மேலே உறைந்து கீழே குளிரவில்லை என்றால், முதலில் உள்ளே பின்சுவர்த் துவாரத்தை மாவுத் தூக்கு மறைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளதை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறந்து வையுங்கள். பிறகு நன்றாக ஓடி, ஒரு வாரத்தில் மறுபடி கெட்டால் ஐஸ் கரைக்கும் ஹீட்டரோ அதைச் சேர்ந்த பாகமோ பழுது. மெக்கானிக்கிடம் இதை அப்படியே சொல்லுங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அவர் ‘கேஸ் குறைஞ்சிருக்கு, அடிச்சிடலாம்’ என்றால், ‘எங்கே லீக்?’ என்று கேளுங்கள். ஃபிரிட்ஜ் கேஸ் ஸ்கூட்டர் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீராது. குறைந்திருந்தால் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் நிரப்பியது வெகுநாள் நிற்காது. பின்புற ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்றிருந்தால் அது தீப்பற்றும் வாயு. வேலை நடக்கும்போது அடுப்பு, ஊதுவத்தி, சாமி விளக்கு அணைந்திருக்க வேண்டும்; ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

சரியாகும் வரை மாவை ஒரு நாளைக்கு மட்டும் அரையுங்கள். பாலைக் காலை, மாலை இரு வேளை காய்ச்சுங்கள். கரண்ட் இல்லாதபோது கதவைத் திறக்காவிட்டால் நான்கு மணி நேரம் தாங்கும். அதற்குமேல் இருந்த மீனைப் பூனைக்குக்கூட வைக்காதீர்கள். இன்சுலின் பயன்படுத்துபவர்கள் புதுக் குப்பிகளைக் குளிர்கிற ஃபிரிட்ஜ் உள்ள வீட்டில் கொடுத்துவையுங்கள். கையில் உள்ள குப்பியை நீர் புகாத டப்பாவில் போட்டு, ஈரமான மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

வாய்க்காலில் தண்ணீர் வந்து பம்பு செட்டுகள் ஓய்ந்தால் வோல்டேஜ் ஓரளவு நிமிரும். காயிலை அடுத்த முறை தட்ட வேண்டியது குறுவை அறுப்பு முடிந்ததும், புரட்டாசியில்.