57 பிட் முகவரி: ஊர்ப் பெயரைப் படிக்கிறதா என்று பாருங்கள்

புணே ஹிஞ்சவடியில் எங்கள் குழுவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். விர்ச்சுவல் மெஷினில் ஐந்தடுக்குப் பேஜிங்கைச் சோதிக்கச் சொன்னால், மெஷின் பூட் ஆனதுமே ‘பாஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

புணேயில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு விஷயம் சட்டென்று பிடிபடும். பேட் (பேட்டை), சந்து, வாடா (பழைய கூட்டுவீடு), அறை என்று நான்கு படி இறங்கினால் வீடு. பழைய 48 பிட் முகவரியும் அப்படித்தான்: அடுக்குக்கு 9 பிட், பக்கத்துக்குள் 12 பிட். தலைமாட்டில் ஊர்ப் பெயரையும் ஐந்தாம் அடுக்காகச் சேர்த்தால் 57 பிட். 256 டெராபைட்டாக இருந்த வெளி 128 பெட்டாபைட் ஆகிறது. சனிவார் பேட் புணேயிலும் உண்டு, சாத்தாராவிலும் உண்டு. ஊர்ப் பெயரைத் தபால்காரர், அதாவது ப்ராசஸர், படிக்கிறாரா என்பதுதான் நம் சோதனை.

1. லினக்ஸ் கெர்னல் 4.17 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். நான்கடுக்கா ஐந்தடுக்கா என்று பூட்டின்போதே முடிவு செய்யும் வசதி அதில்தான் வந்தது.

2. ஐஸ் லேக் சர்வர் கையில் இருந்தால் கேவிஎம். இல்லாவிட்டால் கியூஎம்யூவின் டிசிஜி போதும். மென்பொருளாலேயே ப்ராசஸரை நடித்துக் காட்டும், 2.9 பதிப்பு முதல் எல்ஏ57 என்ற இந்த 57 பிட் வசதியை அறியும். மெதுவாக ஓடும், ஆகவே சின்ன பிஸிபாக்ஸ் இமேஜே வையுங்கள்.

3. சிபியு விருப்பத்தில் எல்ஏ57-ஐக் கூட்டல் குறியோடு எழுதி, பக்கத்திலேயே ‘என்ஃபோர்ஸ்’ என்றும் போடுங்கள். இதை விடவே கூடாது. போடாவிட்டால், வசதி இல்லாத லேப்டாப்பில் கேவிஎம்மோடு ஓட்டும்போது கியூஎம்யூ ஒரு எச்சரிக்கை வரியை மட்டும் காட்டிவிட்டு, நான்கடுக்கு மெஷினைக் கிளப்பிவிடும். போட்டால் கிளம்பவே மறுக்கும்.

4. உள்ளே போய் சிபியு-இன்ஃபோவில் எல்ஏ57 தெரிகிறதா பாருங்கள். கெர்னல் அந்த வசதியை அணைத்திருந்தால் அந்தப் பெயரும் மறைந்துவிடும்.

5. இனிதான் வழுக்குமிடம். சும்மா எம்மேப் அழைத்தால், ஐந்தடுக்கு ஓடினாலும் லினக்ஸ் 47 பிட்டுக்குள்தான் இடம் தரும். முகவரியின் மேல் பிட்களில் சொந்தத் தகவலைச் செருகும் ஜேஐடி கம்பைலர்கள் உடைந்துபோகக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. எத்தனை ஜிகாபைட் கேட்டு வாங்கினாலும் உங்கள் நிரல் ஐந்தாம் அடுக்கின் 0-வது பதிவைத் தாண்டாது. புணேக்குள்ளேயே கடிதம் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே ஹின்ட் முகவரியை நீங்களே கொடுங்கள். இரண்டு முறை கேளுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு 4 கிலோபைட் பக்கம் போதும். முதல் பக்கத்துக்கு 2^48, இரண்டாவதற்கு 2^49. இரண்டிலும் கீழ் 48 பிட்களும் சுழி. வேறுபடுவது ஊர்ப் பெயர் மட்டுமே. மேப்-ஃபிக்ஸ்ட் போடாதீர்கள். வந்த முகவரியை அச்சிட்டு, கேட்டதோடு ஒப்பிடுங்கள். பதினாறடிமானத்தில் 1-க்குப் பின் 12 சுழிகள், 2-க்குப் பின் 12 சுழிகள் என்று வர வேண்டும். 7எஃப் என்று தொடங்கும் 12 இலக்கம் வந்தால் ஹின்ட் ஏற்கப்படவில்லை. எம்மேப் பிழை காட்டாது, நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

முதல் பக்கத்தில் 11, இரண்டாவதில் 22 எழுதிவிட்டு, முதலாவதைத் திரும்பப் படியுங்கள். 22 வந்தால் சாத்தாராக் கடிதம் புணே வீட்டில் விழுந்திருக்கிறது. பாயின்டரை வோலடைல் ஆக்க மறக்காதீர்கள். இல்லையேல் நினைவகத்தைத் தொடாமலேயே கம்பைலர் 11 என்று சொல்லிவிடக்கூடும்.

6. ‘நோ5எல்விஎல்’ என்று கெர்னல் கட்டளை வரியில் சேர்த்து மறுபடி பூட் செய்து, அதே நிரலை ஓட்டுங்கள். இப்போது முகவரிகள் 47 பிட்டுக்குள் இறங்கியே ஆக வேண்டும். இறங்காவிட்டால், முந்தைய வெற்றியையும் நம்பாதீர்கள்.

அறிக்கையில் ‘பாஸ்’ என்ற சொல் எனக்கு வேண்டாம். இரண்டு பூட்டிலும் வந்த நான்கு முகவரிகளையும் திரும்பப் படித்த எண்களையும் அப்படியே எழுதுங்கள். அடுத்து அதைப் பார்ப்பவர் தானே சரிபார்த்துக்கொள்வார்.