பதினைந்து பேருக்கு மூன்று மாதிரி போதும்

கேள்வி:

அக்கா, கல்யாணத்தின்போது அம்மா வாங்கித் தந்த தையல் மெஷின் பதினாறு வருடமாக என்னிடம் இருக்கிறது. ஜாக்கெட், பாவாடை, பிள்ளைகளின் கவுன் எல்லாம் தைப்பேன். கிறிஸ்துமஸுக்குக் கடைப் பொருளை விட்டு என் கையால் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. சென்ற ஆண்டே தொடங்கினேன். அண்ணன் மகளுக்குக் கவுன், நாத்தனாருக்குச் சுடிதார், பெரியம்மாவுக்கு ஜாக்கெட் என்று எடுத்து, 24-ஆம் தேதி இரவு ஆராதனைக்குக் கிளம்பும்போது மூன்றும் பாதியில் கிடந்தன. இந்த ஆண்டு பதினைந்து பேர்; ஏழு வாரம் இருக்கிறது. என்ன தைக்கலாம்? சிவப்புத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்குமா? அம்மாவின் பழைய சேலைகளை வெட்டலாமா? கிறிஸ்தவர் அல்லாத பக்கத்து வீட்டாருக்கு என்ன கொடுப்பது? வீட்டு அலங்காரத்தையும் துணியிலேயே செய்ய முடியுமா?

— ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு, சென்ற ஆண்டு உங்களுக்குத் தையலில் குறை நேரவில்லை. தேர்ந்தெடுத்த பொருளில்தான் நேர்ந்தது. கவுன், சுடிதார், ஜாக்கெட் மூன்றுமே உடம்பளவு கேட்பவை. அளவு எடுக்க வேண்டும், போட்டுப் பார்க்க வேண்டும், பிரித்துத் தைக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு நவம்பரில் வெட்டியது டிசம்பரில் பிடித்தாலும் பிடிக்கும். அதனால் முதல் விதி: பரிசாகத் தைப்பது உடம்பில் போடுவதாக இருக்க வேண்டாம்; தினமும் கையில் எடுப்பதாக இருக்கட்டும்.

இரண்டாவது விதி: பதினைந்து பேருக்குப் பதினைந்து பொருள் என்று போகாதீர்கள். மூன்று மாதிரி போதும். ஒரே மாதிரியை ஐந்து தைக்கும்போது ஒரே நாளில் ஐந்தையும் வெட்டிவிடலாம், மறுநாள் பக்கத் தையல் ஐந்தையும் வரிசையாக ஓட்டிவிடலாம். முதல் பைக்கு ஒன்றரை மணி நேரம் எடுக்கிறவர்கள் ஐந்தாவது பையை அரை மணியில் முடிப்பதை என் வகுப்பில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். துணி மட்டும் ஆளுக்கு ஆள் மாறட்டும்.

மூன்று மாதிரிகள்

முதலாவது சுருக்குப் பை. 9 அங்குல அகலம், 24 அங்குல நீளத்தில் ஒரு துண்டு. நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளவாக்கில் பாதியாக மடித்தால் 9-க்கு 12. இரு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். ஆனால் மேலிருந்து 3 அங்குலம் தைக்காமல் விடுங்கள். அந்தப் பிளவின் ஓரங்களை மடித்து அடித்துவிட்டு, மேல் விளிம்பை அரை அங்குலம், பிறகு ஒன்றேகால் அங்குலம் மடித்துத் தைத்தால் கயிறு ஓடும் குழல் கிடைக்கும். 26 அங்குலக் கயிறு இரண்டு எடுத்து, ஒன்றை இடப் பக்கமிருந்தும் மற்றதை வலப் பக்கமிருந்தும் முழுச் சுற்றாகக் கோத்து முடிச்சிடுங்கள். இரு பக்கமும் இழுத்தால் வாய் சுருங்கும். அச்சு முறுக்கையும் முந்திரிக்கொத்தையும் எண்ணெய்த் தாளில் சுற்றி இதில் போட்டுக் கொடுத்தால் பலகாரமும் பரிசும் ஒன்றாகவே போய்ச் சேரும். பலகாரம் தீர்ந்த பிறகு பிள்ளைக்குக் கிரேயான் பை, பாட்டிக்கு மாத்திரைப் பை.

இரண்டாவது அடுப்படிப் பிடிதுணி. 8 அங்குலச் சதுரம். வெளியே இரண்டு பருத்தித் துணி, உள்ளே பழைய டர்க்கி டவல் இரண்டு மடிப்பு. ஒரு அங்குல இடைவெளியில் குறுக்குக் கோடுகளாகத் தைத்து அடுக்குகளைப் பிணைத்து, ஓரத்துக்குக் கிராஸ் துணி வைத்துக் கட்டுங்கள். உள்ளேயோ வெளியேயோ பாலியெஸ்டர் கலந்த துணி கூடவே கூடாது. சூடான இரும்புச் சட்டியில் அது உருகிக் கையில் ஒட்டும். நூலும் பருத்தி நூலாகவே இருக்கட்டும்.

மூன்றாவது வேதாகம உறை. பெரியம்மா வயதில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தை மூடி வைத்து, முன் அட்டையில் தொடங்கி முதுகு வழியாகப் பின் அட்டை முடியும் வரை டேப்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். திறந்து வைத்து அளந்தால் மூடும்போது உறை இழுக்கும். அந்த நீளத்தோடு அட்டை நுழையும் மடிப்புக்கு இரு பக்கமும் 3 அங்குலம், தையலுக்கு அரை அரை அங்குலம் சேருங்கள். உயரத்தில் ஒன்றேகால் அங்குலம் கூட்டுங்கள். முன்பக்கம் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பாக்கெட் வைத்தால், கோவிலில் கண்ணாடியைத் தேடும் வேலை அவருக்கு மிச்சம்.

ஊசியைப் புதிதாக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். சாதாரணப் பருத்திக்கு 14-ஆம் எண், பிடிதுணி போன்ற கனத்த அடுக்குக்கு 16, மெல்லிய சேலைத் துணிக்கு 11.

சிவப்புத் துணி

உப்புத் தண்ணீர் சாயத்தை நிறுத்தாது. சாயமேற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. சாயம் நூலில் ஏற அது உதவும். ஏறி முடிந்த துணியில் ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தை உப்போ வினிகரோ கட்டிப்போடாது. அந்த மிச்சம் வெளியே வந்துதான் ஆக வேண்டும். தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். பிறகு ஒரு சோதனை: ஈரத் துணியின் ஒரு முனையை இரண்டு வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் இளஞ்சிவப்பு இறங்கினால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல், வெள்ளை மேசை விரிப்புக்குச் சிவப்புக் கரை வைத்து என் சிநேகிதிக்கு ஒரு முறை கொடுத்தேன். முதல் சலவையில் விரிப்பு முழுக்கத் திட்டுத் திட்டாகிவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் மேசையில் அந்த விரிப்பு இல்லாததைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

துணியை முன்கூட்டியே நனைப்பதற்குச் சாயத்தோடு சுருக்கமும் ஒரு காரணம். பருத்தி முதல் சலவையில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் ஓரம் நெளியும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துணியையும் நனைத்துக் காயவையுங்கள். இப்போது வடகிழக்குப் பருவமழைக் காலம். துணி காய இரண்டு நாள்கூட ஆகும். வெயில் அடிக்கிற முதல் நாளிலேயே இதை முடித்துவிடுங்கள்.

அம்மாவின் சேலைகள்

வெட்டலாம். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. ஒவ்வொரு சேலையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொசுவமும் இடுப்பும் வந்த இடங்களில் நூல் தேய்ந்திருக்கும். நீளவாக்கிலும் குறுக்கிலும் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். தாங்குகிற பகுதியை மட்டும் எடுங்கள். பழைய பட்டு மடிப்புகளிலேயே இற்றுப்போகும். அதைப் பைக்கு எடுக்க வேண்டாம், சட்டம் போட்டு மாட்டலாம். தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன பருத்திச் சேலைதான் பொன். உறவில் யாராவது பிள்ளை பெற இருந்தால், நான்கு மடிப்பு வைத்து, கையால் ஓட்டுத் தையல் போட்டு, கைக்குழந்தைக்குக் கீழே போட ஒரு விரிப்பு செய்யுங்கள். பிறந்த குழந்தையைப் பழைய வெள்ளைச் சேலைத் துணியில் ஏந்துவது நம் வழக்கம்தானே. ஜரிகையை மட்டும் நீக்கிவிடுங்கள். பிஞ்சுத் தோலை உரசும்.

உங்களுக்கு அக்கா தங்கை இருந்தால், அவர்களுக்கும் ஆளுக்கொரு துண்டு அம்மாவின் சேலையிலிருந்து போகட்டும். அவர்களைக் கேட்காமல் கத்திரியை எடுக்காதீர்கள். அது அவர்களுக்கும் அம்மா சேலை.

பக்கத்து வீட்டாருக்கு

தீபாவளிக்கு அதிரசமும் பெருநாளுக்குப் பிரியாணியும் அனுப்புகிற வீடுகளுக்கு, கிறிஸ்துமஸ் தாத்தாவும் மரமும் தைத்த பொருளைக் கொடுத்தால் ஜனவரியில் அது அலமாரிக்குள் போய்விடும். தட்டு மூடும் துணி தைத்துக் கொடுங்கள். 20 அங்குலச் சதுரத்தில் வெட்டி, நான்கு ஓரமும் மடித்துத் தையுங்கள். மூலையில்தான் துணி குவிந்து தடிக்கும். அங்கே முதலில் மூலை முனையைச் சாய்வாக மடித்து, நுனியைக் கத்தரித்துவிட்டு, பிறகு இரு பக்கத்தையும் மடியுங்கள். இரண்டு மடிப்பும் ஒரு சாய்கோட்டில் சந்திக்கும். நீங்கள் கேக்குத் தட்டை மூடி அனுப்பிய அதே துணி, பொங்கலன்று அவர்கள் வீட்டுத் தட்டை மூடிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வரும்.

ஓரத்துக்கு லேஸ் வைக்க நினைத்தால் உங்கள் ஊருக்கு அதில் உரிமை அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கும் அந்த வேலையைப் பரப்பினார். எத்தனையோ பெண்களுக்குத் தம் கையில் காசு பார்க்க வழி கொடுத்த வேலை அது. உங்கள் பக்கத்தில் இன்னும் பின்னுகிற பாட்டி யாராவது இருந்தால், இரண்டு கஜம் அவரிடமே விலை கொடுத்து வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.

வீட்டு அலங்காரம்

துணியில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் வீட்டுக்குள் மட்டும். வாசலில் தொங்கும் நட்சத்திரம் மழையில் நனையும். அது காகிதமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். உள்ளே மாட்டத் தோரணம் தையுங்கள். தையல் கடைகளில் கேட்டால் வெட்டுத் துணி கிடைக்கும். 6 அங்குல அடி, 7 அங்குல உயரத்தில் முக்கோணங்கள். சாய்ந்த இரு பக்கமும் இழுத்தால் நெகிழும், அதனால் இரட்டைத் துணியாக வைத்துத் தைத்துப் புரட்டி, நீண்ட கிராஸ் பட்டியில் வரிசையாகக் கோத்துவிடுங்கள். தோரணத்தை வருடா வருடம் மாட்டலாம்.

சிறு நட்சத்திரம், மணி, புறாவுக்கு ஃபெல்ட் துணி நல்லது. வெட்டிய ஓரம் பிரியாது, மடிக்கவே வேண்டாம். இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரத்தைக் கையால் சுற்றித் தைத்து, உள்ளே இலவம் பஞ்சு அடையுங்கள். இலவம் பஞ்சு எடையில்லாதது, ஈரத்தைச் சட்டென்று குடிக்காது. சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால் மெழுகுவர்த்திப் பக்கம் மட்டும் வேண்டாம்.

குடிலுக்குத் துணிப் பொம்மைகள் செய்தால் பிள்ளைகள் எடுத்து விளையாடட்டும். 1223-இல் இத்தாலியின் கிரெச்சியோ ஊரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடில், மக்கள் கிட்டே போய்ப் பார்த்து உணர வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் பொம்மைக்குப் பொத்தான் கண், பாசி மணி எதுவும் கூடாது, பிய்த்து விழுங்கிவிடும். கண்ணையும் வாயையும் நூலாலேயே தைத்துவிடுங்கள்.

நாள் கணக்கு

இந்த வாரம் துணி நனைத்துக் காயவைப்பது. அடுத்த வாரம் எல்லாவற்றையும் வெட்டி, ஆள் பெயர் எழுதிய சீட்டோடு கட்டி வைப்பது. அதன்பின் மூன்று வாரம், வாரத்துக்கு ஒரு மாதிரி. டிசம்பர் 15 அன்று மெஷினுக்கு உறை போட்டுவிடுங்கள். அதற்குள் முடியாதது இந்த ஆண்டுக்கு இல்லை. பலகார வேலை தொடங்கிய பிறகு தையலில் உட்கார்ந்தால் இரண்டும் கெடும். கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் உட்புறம் திருப்பிப் பாருங்கள். தொங்கும் நூலைக் கத்தரித்து, பிரியும் ஓரத்துக்கு ஓவர்லாக் அடித்துக் கொடுங்கள். பத்துத் தோய்ப்பைத் தாங்குமா என்பது அங்கேதான் தெரியும்.

கடைசியாக ஒன்று. அண்ணன் மகளின் அந்தப் பாதிக் கவுன் இன்னும் உங்களிடம் இருக்கும். அது அவளுக்கு இனி அளவு சேராது. அதன் பாவாடைப் பகுதியில் 9-க்கு 24 தாராளமாகக் கிடைக்கும். உங்கள் முதல் சுருக்குப் பையை அதிலேயே வெட்டுங்கள். அவள் பெயரைச் சங்கிலித் தையலில் போட்டு அவளுக்கே கொடுங்கள்.