சிறிய நூலகங்கள் சேர்ந்து தரவுத்தளம் வாங்கும் வழி

நெல்லியடியில் இருந்துகொண்டு பகுதிநேரமாகக் கல்வியியல் முதுமாணி படிக்கும் ஓர் ஆசிரியருக்கு வெளிநாட்டு ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை தேவைப்படுகிறது. தலைப்பும் சுருக்கமும் இணையத்தில் கிடைக்கின்றன. முழுக் கட்டுரைக்குப் பதிப்பகம் முப்பது, நாற்பது டொலர் கேட்கிறது. பத்துக் கட்டுரை வாங்கினால் ஒரு மாதச் சம்பளமே போய்விடும். ஆய்விதழ்த் தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டப்பட்ட ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கணினியில் அதே கட்டுரை காசு கேட்காமல் திறக்கும். அந்தச் சந்தாவைப் பெரும்பாலும் எந்தப் பல்கலைக்கழகமும் தனித்துக் கட்டுவதில்லை. பல நூலகங்கள் ஒன்றுசேர்ந்து, ஒரே குரலில் விலை பேசிக் கட்டுகின்றன.

இலங்கைக்கு இது புதிதல்ல. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் நூலக, தகவல் விஞ்ஞானத்துக்கான நிலையியற் குழு ஒன்று இயங்குகிறது. நாட்டின் பல்கலைக்கழக நூலகர்கள் கூடிப் பேசும் இடம் அதுதான். 2002 இல் இனாஸ்ப் என்ற பிரித்தானிய அமைப்புத் தொடங்கிய ‘பெரி’ திட்டம் வளரும் நாடுகளின் நூலகங்களுக்குப் பெருந்தொகை ஆய்விதழ்களைத் திறந்துவிட்டது. இலங்கையும் அதில் பங்குகொண்டது. வெளி உதவி குறைந்தபோது, அந்தந்த நாட்டு நூலகங்களே கூட்டாக நின்று விலை பேசப் பழக வேண்டியிருந்தது. நான் எழுதுவது அந்த வட்டத்துக்கு வெளியே வேலை செய்வோருக்காக. ஆசிரியர் கலாசாலை, கல்வியியற் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி, தாதியர் பயிற்சிக் கல்லூரி ஆகியவற்றின் நூலகர்களும், அவர்களோடு சேர விரும்பும் பிரதேச சபை நூலகர்களும் இதை வாசிக்க வேண்டும். வாங்குவது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் நேரே விற்பனை முகவரை அழைக்கும் கூட்டு இரண்டாம் ஆண்டிலேயே கலைந்துவிடும்.

முதலில் பட்டியல்

நான்கு அல்லது ஐந்து நூலகங்களோடு தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்பதை மற்றவை பார்க்கக்கூடிய ஒரு கூட்டுப் பட்டியல் வேண்டும். ‘கோஹா’ என்ற நூலக மென்பொருள் இதற்குப் போதும். நியூசிலாந்தின் ஒரு சிறு ஊர் நூலகத்துக்காக எழுதப்பட்டு, 2000 ஆம் ஆண்டு பாவனைக்கு வந்த மென்பொருள் அது. உரிமக் கட்டணம் கிடையாது. அதை நிறுவ ஆள் இல்லையென்றால் எக்செல் தாளில் தொடங்குங்கள். நூலாசிரியர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு, வெளியிட்ட இடம், ஐ.எஸ்.பி.என். இலக்கம், வகுப்பெண், எந்த நூலகம் என்ற எட்டு நிரல்களும் எல்லாத் தாள்களிலும் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும்.

சிக்கல் பெயர்களில் வரும். கரவெட்டியில் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் நூல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலகம் ‘சிவத்தம்பி, கா.’ என்று பதிந்திருக்கும். இன்னொன்று ‘கார்த்திகேசு சிவத்தம்பி’ என்று நேராகப் பதிந்திருக்கும். அவர் ஆங்கிலத்தில் எழுதியவை ‘எஸ்’ எழுத்தின் கீழ் நிற்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றும் பட்டியலில் அதே மனிதர் ‘சீ’ எழுத்தின் கீழ் போய்விடுவார். ஆங்கிலத்தில் பெயர் ‘ஐ’ எழுத்தில் முடிகிறதா ‘வை’ எழுத்தில் முடிகிறதா என்பது வேறு. தேடுபவருக்கு இவை நான்கு மனிதர்கள். ஆகவே ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு நிலையான தலைப்பை முடிவுசெய்து, மற்ற வடிவங்களிலிருந்து அதற்கு ‘பார்க்க’ குறிப்பு இடுங்கள். உலக நூலகங்களின் பெயர்ப் பதிவுகளை ஒன்றிணைக்கும் ‘வயாஃப்’ தளத்தில் தேடினால் பல ஈழத்து எழுத்தாளரின் பெயர் வடிவங்கள் ஏற்கெனவே தொகுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இந்த வேலை அலுப்பூட்டும். ஆனாலும் இதைத் தவிர்த்த கூட்டுப் பட்டியலை ஆறு மாதத்துக்குப் பிறகு யாரும் திறப்பதில்லை.

நூல்களை விடச் சஞ்சிகைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் கூடுதல் கவனம் கொடுங்கள். ‘ஈழநாடு இருக்கிறது’ என்று எழுதினால் ஆய்வாளருக்குப் பயனில்லை. எந்த ஆண்டு, எந்த மாதம், எவை விடுபட்டவை என்று எழுத வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்த ஏடுகளும் போயின. நம்மிடம் மிஞ்சியவை எங்கே, எத்தனை பிரதியாக இருக்கின்றன என்று எழுதிவைப்பது இந்தக் குடாநாட்டில் மற்ற இடங்களை விட அவசரமானது. கூட்டில் கடைசிப் பிரதியை வைத்திருக்கும் நூலகம் அதைக் கழிப்பதற்கு முன் மற்ற நூலகங்களைக் கேட்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதுங்கள்.

அடுத்து இரவல்

பட்டியல் பாதியளவு முடிந்ததும் இரவலைத் தொடங்கிவிடலாம். நூலகங்களுக்கிடையிலான இரவலுக்கு ஒரு பக்கப் படிவம் போதும். கேட்கும் நூலகம், வாசகரின் பெயர், நூல் அல்லது கட்டுரையின் முழு விவரம், பக்க எண்கள், இந்தத் திகதிக்குப் பிறகு தேவையில்லை என்ற ஒரு வரி, எங்கே இந்த விவரம் கிடைத்தது என்ற இன்னொரு வரி. கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாசகர் தவறான ஆண்டைக் கொண்டுவரும்போது சரியானதைக் கண்டுபிடிக்க உதவுவது அதுதான்.

எதை அனுப்புவது, எவ்வளவு நாளைக்கு, தொலைந்தால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் வையுங்கள். நூல் மூன்று வாரம்; உசாத்துணை நூல்களும் அரிய நூல்களும் வெளியே போகா; தொலைந்தால் கேட்ட நூலகமே வாங்கித் தர வேண்டும், வாசகரிடம் அறவிடுவது அந்த நூலகத்தின் சொந்தப் பாடு. நூல்களைக் கொண்டுபோக வாகனம் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து கோப்பாய்க்கு அதிகத் தூரமில்லை. கோப்பாய் பருத்தித்துறை வீதியில்தான் இருக்கிறது. அதே வீதி வல்லை வெளியைத் தாண்டி நெல்லியடிக்கு வருகிறது. அந்தப் பாதையில் அன்றாடம் வேலைக்குப் போய்வரும் ஊழியர் எந்த நூலகத்திலும் ஒருவராவது இருப்பார். கிழமைக்கு இருமுறை ஒரு துணிப்பை போய்வந்தால் போதும். பையில் போவதற்கும் வருவதற்கும் கையொப்பப் புத்தகம் வேண்டும்.

கட்டுரைகளுக்கு ஸ்கேன் செய்து அனுப்புவதே நல்லது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், இலாப நோக்கமற்ற நூலகம் ஒரு தனியாளின் படிப்புக்கோ ஆய்வுக்கோ வெளியான ஒரு கட்டுரையை அல்லது நூலின் சிறு பகுதியைப் பிரதி செய்து கொடுக்க இடமளிக்கிறது. முழு நூலை ஸ்கேன் செய்து வட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

நிறைவேறாமல் திரும்பிய படிவங்களை எறியாதீர்கள். ஓராண்டின் முடிவில், எந்த ஆய்விதழை எத்தனை பேர் கேட்டார்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே நேர்மையான கணக்கு அதுதான்.

காசில்லாமல் கிடைப்பவை

அந்தப் படிவங்களை எடுத்துக்கொண்டு, முதலில் இலவசமாகக் கிடைப்பவற்றில் தேடுங்கள். இலங்கை ஆய்விதழ்கள் பலவும் ‘இலங்கைச் சஞ்சிகைகள் இணையத்தில்’ என்ற தளத்தில் முழுமையாகத் திறந்திருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தனி இணையக் களஞ்சியம் உண்டு. தமிழில் வேண்டுமென்றால், 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் தளத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாவும் செலவழிக்கக் கூடாது. தாதியர், மருத்துவம், விவசாயம் சார்ந்த நிறுவனங்கள் ‘ரிசர்ச்ஃபோர்லைஃப்’ திட்டத்துக்குத் தாமே விண்ணப்பிக்கலாம். 2002 இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய ‘ஹினாரி’யும் அதற்குப் பின் வந்த ‘அகோரா’ முதலியவையும் இதற்குள் அடங்கும். நாடுகள் அங்கே இலவசக் குழு, குறைந்த கட்டணக் குழு என இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பட்டியல் மாறக்கூடியது என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டில் பாருங்கள். ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்த கடவுச்சொல்லைப் பக்கத்து நிறுவனத்துக்குக் கொடுப்பது அங்கே தடை. கூட்டில் இருக்கிறோம் என்பதற்காக அதைச் செய்யாதீர்கள்.

வாங்குவது

இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்காதவை எவை என்று பாருங்கள். அந்தப் பட்டியல் சிறியதாக இருந்தால் தரவுத்தளமே வேண்டாம். தனிக் கட்டுரைகளாக வாங்குவது மலிவு. பெரியதாக இருந்தால் விற்பனையாளரிடம் ஒரு மாதப் பரீட்சார்த்த அனுமதி கேளுங்கள். அவர் கொடுக்கும் தலைப்புப் பட்டியலில் பத்தாயிரம் இதழ் இருக்கலாம். அவற்றில் எத்தனைக்கு முழுக் கட்டுரை கிடைக்கிறது, எத்தனைக்குச் சுருக்கம் மட்டும், எத்தனைக்குக் கடைசி ஓராண்டு இதழ்கள் தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை உங்கள் படிவங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாயிரம் என்ற எண்ணைப் பார்த்து மயங்கிக் கையெழுத்திட்ட நூலகங்கள் உலகெங்கும் உண்டு.

காசைப் பங்கிடுவதில்தான் கூட்டுகள் உடைகின்றன. ஒரு கணக்குப் பார்ப்போம். சந்தா 20 இலட்சம் ரூபா என்றும், நான்கு நிறுவனங்களில் முறையே 6,000, 2,000, 1,500, 500 மாணவர்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 5 இலட்சம். 500 மாணவர் கொண்ட கல்லூரி அன்றே விலகிவிடும். மாணவர் தொகைப்படி பிரித்தால் 12, 4, 3, 1 இலட்சம். பெரிய நிறுவனம் முணுமுணுக்கும். ஐந்திலொரு பங்கைச் சமமாகவும் மிகுதியை மாணவர் தொகைப்படியும் பிரித்தால் 10.6, 4.2, 3.4, 1.8 இலட்சம் என்று வரும். என் பரிந்துரை இந்த மூன்றாவது முறை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்குப்பணம் கட்டிய அங்கத்தவரைப் போல, எல்லோரும் ஏதோ ஒரு சமப் பங்கு கட்டியிருந்தால்தான் கூட்டத்தில் எல்லோருக்கும் சம குரல் இருக்கும். ஒரு நிறுவனம் முன்னின்று பணம் கட்ட, மற்றவை அதற்குத் திருப்பிச் செலுத்தும் ஏற்பாட்டை நிதியாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தே எழுதுங்கள். பெறுகை விதிகளை அவர்கள்தான் அறிவார்கள்.

விலை டொலரில் இருக்கும். 2022 இல் 200 ரூபாவை அண்டி நின்ற டொலர் சில மாதங்களில் 360 ஐத் தொட்டபோது, ரூபாவில் ஒதுக்கிய சந்தாப் பணம் பாதிவழியில் நின்றது. மூன்றாண்டு ஒப்பந்தமும், ஆண்டு உயர்வுக்கு எழுதப்பட்ட உச்ச வரம்பும், ‘நிதி ஒதுக்கீடு கிடைக்காவிட்டால் தண்டமின்றி விலகலாம்’ என்ற வாசகமும் கேளுங்கள். கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. விலக முடிந்தவரிடம்தான் விற்பவர் இறங்கி வருவார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2019 பெப்ரவரியில் எல்செவியரோடு பேச்சை முறித்து, இரண்டாண்டு சந்தா இல்லாமலே இருந்து, 2021 மார்ச்சில் தனக்கு ஏற்ற புதிய ஒப்பந்தம் செய்தது. தொகை பெரிதாகும்போது பேரம் எவ்வளவு மாறும் என்பதற்கு இந்தியாவைப் பாருங்கள். 2024 நவம்பரில் அந்நாட்டு அமைச்சரவை அனுமதித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் மூன்றாண்டுக்கு 6,000 கோடி இந்திய ரூபாவில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300 அரச நிறுவனங்களுக்குத் திறக்கிறது. அங்கே சிறு நகரக் கல்லூரி தனியாகப் பேரம் பேசத் தேவையில்லை.

ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நினைப்பவை மூன்று. நூலகத்துக்குள் வந்து உட்கார்ந்து வாசிக்கும் எவரும், அங்கத்தவர் அல்லாதவரும், அனுமதிக்கப்பட்ட பாவனையாளராக எழுதப்பட வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் பட்டம் முடித்து வேலை தேடும் பிள்ளைக்கும் இருக்கும் ஒரே வாசல் அது. இரண்டாவது, கட்டுரைகளை இரவல் முறையில் வேறு நூலகத்துக்கு அனுப்பும் உரிமை. மூன்றாவது, சந்தாவை நிறுத்திய பிறகும், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் நமக்குத் திறந்திருக்க வேண்டும். ‘போர்ட்டிக்கோ’, ‘லொக்ஸ்’ போன்ற காப்பகங்களில் பதிப்பகம் பிரதி வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். விலையை வெளியே சொல்லக் கூடாது என்ற வாசகத்தை அடித்துவிடச் சொல்லுங்கள். அடுத்த மாவட்டத்து நூலகர் எவ்வளவு கட்டுகிறார் என்று தெரியாமல் வைத்திருப்பதே விற்பவரின் பலம்.

திறந்து வைத்த பின்

நிலையான ஐ.பி. முகவரி இல்லாத சிறு கல்லூரிகள் கடவுச்சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். முதல் மாதத்திலேயே இணைய வழங்குநரிடம் நிலையான முகவரியைக் கேட்டு வாங்குங்கள். இலங்கையின் கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பில் இணைந்த நிறுவனமாக இருந்தால், வீட்டிலிருந்தபடி நிறுவன அடையாளத்தோடு உள்நுழையும் வசதி பற்றி அவர்களிடமே விசாரியுங்கள். பிறகு வாசகரைக் கூப்பிடுங்கள். பொதுப் பயிலரங்கை விட, ஒவ்வொருவரும் தம் ஆய்வுத் தலைப்போடு வந்து அதையே தேடிப் பார்க்கும் ஒரு மணி நேரம் கூடுதல் பயன் தரும். தேடல் சொற்களைத் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் தட்டச்சுவோருக்கு ஒத்த சொற்களின் பட்டியல் ஒன்றை மேசையில் வைத்திருங்கள்.

மின்வளப் பாவனையை எண்ணுவதற்கான பொதுத் தரம் ‘கவுண்டர்’. விற்பனையாளர் மாதாமாதம் அந்தத் தரத்திலான பாவனை அறிக்கை தர வேண்டும். அதில் முழுக் கட்டுரை திறக்கப்பட்ட எண்ணிக்கையை மட்டும் எடுத்து, அதே காலத்துச் சந்தாவை அதனால் வகுத்தால் ஒரு கட்டுரையின் விலை வரும். அது தனிக் கட்டுரையின் சந்தை விலையை நெருங்கினால் அடுத்த ஆண்டு வேண்டாம். நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், இந்தக் கணக்கை ஓகஸ்டில் போட்டு, செப்டெம்பருக்குள் கூட்டின் நூலகர்கள் எல்லோரும் கூடி முடிவெடுத்து, ஒப்பந்தத்தில் உள்ள அறிவித்தல் காலத்துக்கு முன் பதிவுத் தபாலில் விற்பனையாளருக்கு எழுதுங்கள். சும்மா இருந்தால் தானாகவே புதுப்பிக்கப்படும் என்ற வாசகம் பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு.