அநர்த்த தண்ட விரதமும் இல்லத்து மின்சாரமும்

இல்லறத்தார்க்குரிய விரதங்கள் பன்னிரண்டு. அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிக்ஷாவிரதம் நான்கு என்பதை நம் சிறுவரும் அறிவர். குணவிரதம் மூன்றனுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயன் ஏதுமின்றி உயிர்களுக்குத் துன்பம் விளைக்கும் செயல்களை விலக்குதல் என்பது அதன் பொருள். ஸமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இத்தகைய செயல்களை ஐந்தாக வகுத்தார். பாவத் தொழிலை உபதேசித்தல், கொலைக்கருவி ஈதல், தீய நினைவு, தீய நூல் கேட்டல் ஆகிய நான்கும் எளிதில் விளங்குவன. ஐந்தாவதாகிய பிரமாத சரியையே இங்கு ஆராயத் தக்கது.

காரணமின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைக் கலக்குதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், மரஞ்செடிகளை வெட்டுதல், வீணே திரிதல், பிறரைத் திரியச் செய்தல் என்பன பிரமாத சரியையாம். மண், நீர், தீ, காற்று, தாவரம் என்னும் ஐவகை ஓரறிவுயிர்களுக்கும் யாதொரு தீங்கும் நேராமல் வாழ்தல் துறவியர்க்கு உரியது. உலை ஏற்றாமலும் கிணறு வெட்டாமலும் இல்லறம் நடவாது. ஆதலின் நூல் வேண்டியதைத் தடுக்கவில்லை, வேண்டாததையே தடுத்தது.

மின்சாரம் தேஜஸ்காய ஜீவனா, உயிரற்ற புத்கலமா என்பது பற்றி ஜைன முனிவரிடையே நெடுநாள் வாதம் உண்டு. அவ்வாதத்துள் நாம் புக வேண்டுவதில்லை. கம்பியில் ஓடுவது உயிரற்றது என்றே கொள்வோம். அது எவ்வாறு பிறக்கிறது என்று பார்த்தால் போதும்.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், நம்மவர் ஊர்கள் பலவற்றிலிருந்து அதிகத் தொலைவில்லாத நெய்வேலியில் 1962 முதல் மின் உற்பத்தி நடைபெறுகிறது. அங்கே மரஞ்செடிகளை அகற்றி, மேல்மண்ணை ஆழமாகத் தோண்டிய பின்னரே பழுப்பு நிலக்கரி கிடைக்கும். அக்கரியும் பண்டைத் தாவரங்கள் மண்ணுள் புதைந்து மாறியதே. கரிப்படுகையின் கீழே நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் நிற்பதால், அது சுரங்கத்தின் அடியைப் பிளந்து கொண்டு எழாதபடி இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னர் விசிறிகளால் காற்றூதி, கொதிகலனில் கரி எரிக்கப்படுகிறது. மண், நீர், தீ, காற்று, தாவரம் ஐந்தும் இதனுள் அடங்கிவிட்டன அன்றோ! ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி செலவாகிறது. எரிந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. அதிலும் ஒரு பகுதி கம்பி வழியிலேயே தொலைகிறது. காற்றாலை, சூரிய ஒளி, அணைகள் ஆகியவற்றாலும் மின்சாரம் பெறுகிறோம் என்பது மெய்யே. ஆயினும் ஊரெல்லாம் விளக்கேற்றும் மாலை வேளையில் கதிரவன் இல்லை. அப்போது அனல் நிலையங்களே பெரும்பாரம் சுமக்கின்றன.

இனி, இல்லத்தில் வேண்டாதது எது எனக் காண்போம். 75 வாட் மின்விசிறிகள் மூன்று, ஆளில்லாத அறைகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் சுழன்றால் இரு திங்களில் 40 யூனிட் ஆகும். இதில் யாருக்கும் காற்று இல்லை. தொலைக்காட்சியைத் தொலை இயக்கியால் நிறுத்தி உறங்கச் செல்கிறோம். செட்டாப் பெட்டி விழித்தே இருக்கிறது. அது 10 வாட் இழுப்பதாயின் 60 நாளில் 14 யூனிட்டுக்கு மேல். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் வரை மோட்டாரை மறப்பதில் மின்சாரம், நீர் இரண்டும் போகின்றன.

வாயில் விளக்கைத் தனியே சொல்ல வேண்டும். சோக்குடன் கூடிய பழைய குழல் விளக்கு இரவு 12 மணி நேரம் எரிந்தால் இரு திங்களில் ஏறத்தாழ 36 யூனிட்; 9 வாட் எல்.இ.டி. பல்பாயின் ஆறரை யூனிட். செலவு குறைந்தது. ஆனால் மழைக்காலத்து விட்டிலும் ஈசலும் அதற்கும் வந்து விழத்தான் செய்யும். காலையில் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுபவர் அதன் கணக்கை அறிவர். இவ்விடத்தில் மலிவான விளக்கு போதாது. அணைத்த விளக்கே வேண்டும். ஜினாலயத்து வாயில் விளக்கிற்கும் இது பொருந்தும்.

கருவியை மாற்றுதலும் நன்றே. நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் 75 வாட் விசிறி இரு திங்களில் 54 யூனிட் கொள்ளும். 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி 22 யூனிட்டுக்குள் அடங்கும். குளிர்சாதனத்தை 24 டிகிரியில் வைக்கலாம். உயர்த்தும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 6 விழுக்காடு மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. எனினும் சிக்கன விசிறி வாங்கிவிட்டோம் என்று நாள் முழுதும் ஓடவிடுவோர் உளர். வேண்டிய அளவினும் மிகுதியாகப் போகப் பொருள் சேர்த்தல் அதிப்பிரசாதனம் என்னும் அதிசாரம் ஆகும். வீட்டிற்கு வந்த இரண்டாம் குளிர்பதனப் பெட்டியை அவ்வகையில் சேர்க்கலாம்.

மற்றொரு குணவிரதமாகிய போகோபபோக பரிமாணம் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. துய்ப்பனவற்றுக்கு அளவு வகுத்தல் அது. வாழ்நாள் முழுதும் கொள்வது யமம். கால எல்லையிட்டுக் கொள்வது நியமம். நியமத்திற்குரிய எல்லைகளாகப் பகல், இரவு, பட்சம், மாதம், ருது, அயனம் ஆகியவற்றை ஸமந்தபத்திரர் கூறுகிறார். ருது என்பது இரு திங்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தைக் கணக்கெடுக்கும் வழக்கமும் நெடுங்காலமாக இரு திங்களுக்கு ஒருமுறையே. ஒரு ருதுவுக்கு இத்தனை யூனிட் என நியமம் கொள்ள இதனினும் வசதியான அளவு வேறில்லை.

இதனால் பணமும் மிஞ்சும். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இரு திங்களில் 500 யூனிட் செலவழித்த வீட்டிற்கு 1,725 ரூபாய். 510 யூனிட் ஆனால் 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500ஐக் கடந்ததும் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளின் விலை 2 ரூபாய் 25 காசிலிருந்து 4 ரூபாய் 50 காசாக ஏறியதே காரணம். 2024இல் விகிதங்கள் உயர்த்தப்பட்டன. எனவே அவரவர் தம் அண்மைய கட்டண விவரத்தைப் பார்த்துக் கணக்கிடுக.

நியமம் கொள்வோர் சென்ற ஆண்டின் இதே ருதுவில் ஆன யூனிட்டைப் பார்த்து, அதிற் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்கலாம். பங்குனியின் அளவை மார்கழியோடு ஒப்பிடுதல் தவறு. முதியோர், நோயாளர் அறையின் விசிறியை நிறுத்திச் சேர்க்கும் யூனிட் நியமத்தில் சேராது. அது அர்த்தமுள்ள செலவு. கணக்கெடுத்த நாளின் மீட்டர் எண்ணை நாட்காட்டியில் குறித்து வைத்து, எட்டு நாளுக்கொருமுறை பிள்ளைகளைக் கொண்டு மீட்டரைப் பார்த்து எழுதச் செய்க. 500 யூனிட்டை எல்லையாகக் கொண்ட வீட்டிற்கு எட்டு நாளில் 66 யூனிட் வரை செல்லலாம். அதற்கு மேற்பட்டால் எந்த அறையில் போனது என்று அன்றே தேடலாம்.